பெயர்ப்பலகையில் இன்டர்நேஷனல், மார்க் ஷீட்டில் என்ன?

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், கோவை அவினாசி ரோட்டிலும் சென்னை ஓ.எம்.ஆரிலும் ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். கோட்டும் டையும் மாட்டிய ஒரு குழந்தை, கையில் பூகோள உருண்டை, பின்னால் நீச்சல் குளம், மேலே கொட்டை எழுத்தில் "அட்மிஷன் நடைபெறுகிறது". பெயரில் "இன்டர்நேஷனல்" இல்லாவிட்டால் அந்த ஃப்ளெக்ஸுக்கே மரியாதை இல்லை என்றாகிவிட்டது.

அரிசிக் கடைக்குப் போனால் பொன்னியா ஐ.ஆர். 20-ஆ, பழசா புதுசா, மூட்டைக்கு எத்தனை கிலோ என்று பத்து கேள்வி கேட்கிற அதே அப்பா அம்மா, இந்தப் பள்ளிகளின் ஏ.சி. வரவேற்பறையில் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகிறார்கள். "எந்த போர்டு?" என்று கேட்பதற்கு முன்னாலேயே "ஃபீஸை எந்த கவுன்ட்டர்ல கட்டணும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். இதைப் பெற்றோரின் முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த வரவேற்பறை கட்டப்பட்டதே அவர்களைக் கேள்வி கேட்கவிடாமல் செய்வதற்காகத்தான்.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். "இன்டர்நேஷனல்" என்பது எந்தப் பாடத்திட்டத்தின் பெயரும் இல்லை, எந்த போர்டின் பெயரும் இல்லை. அது பெயர்ப்பலகையில் இருக்கும் ஒரு சொல், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் "இன்டர்நேஷனல்" என்று பெயர் வைத்திருக்கும் ஏராளமான பள்ளிகளில் நடப்பது சாதாரண சி.பி.எஸ்.இ. பாடம். அதே என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், அதே பத்தாம் வகுப்பு பரீட்சை. அதில் தப்பே இல்லை, நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் பக்கத்துத் தெருவில் பாதி ஃபீஸில் கிடைக்கும் அதே பாடத்துக்கு ஒரு சொல்லைச் சேர்த்து இரண்டு மடங்கு வாங்கினால் அதற்கு வேறு பெயர் உண்டு.

உண்மையில் இந்த மாதிரிப் பள்ளிகள் யாருக்காக வந்தன? 1924-ல் ஜெனிவாவில் ஆரம்பித்த பன்னாட்டுப் பள்ளி, சர்வதேச சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்னால் இருந்தது) வேலை பார்க்க வந்த பல நாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்காக. இன்று பிரான்ஸ், மூன்று வருஷம் கழித்து பிரேசில் என்று அப்பா அம்மா மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளையின் படிப்பு அறுந்து போகக்கூடாது என்பதுதான் நோக்கம். அதே ஜெனிவாவில் 1968-ல் பிறந்ததுதான் ஐ.பி. என்கிற இன்டர்நேஷனல் பாக்கலோரியேட். (போலீஸ் ஐ.பி. இல்லீங்க!) தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த கொடைக்கானல் பள்ளிதான் 1976-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி.யைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருந்தது.

பிறகு இந்தச் சொல் எப்படித் தெருவுக்குத் தெரு வந்தது? இங்கே ஒரு சின்ன சரித்திரம். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்கு ரொம்ப வருஷம் அந்தஸ்து என்றால் "மெட்ரிக்". 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு, மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம். பாடம் ஒன்றாகிவிட்டால் வித்தியாசத்தை எதை வைத்து விற்பது? மெட்ரிக் பலகையைக் கழற்றி சி.பி.எஸ்.இ. மாட்டினார்கள். எல்லோரும் சி.பி.எஸ்.இ. மாட்டியதும் அடுத்த பலகை வேண்டியிருந்தது. விற்கப்படுவது படிப்பு மட்டும் இல்லை, "எங்க பையன் உங்க பையன் கூட படிக்கலை" என்கிற நிம்மதியும்தான்.

சரி, பலகையை விட்டுவிட்டு உள்ளே போனால் என்ன பார்க்க வேண்டும்?

சி.பி.எஸ்.இ. என்றால் ஏழு இலக்க இணைப்பு எண் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு போய் போர்டின் தளத்தில் தட்டினால் எத்தனாவது வகுப்பு வரை அனுமதி, எந்த வருஷம் வரை அனுமதி என்று வந்துவிடும். பத்தாவது வரை மட்டும் அனுமதி வாங்கிய பள்ளி பிளஸ் டூ பற்றி வாக்குறுதி கொடுக்கக்கூடாது. "அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துடும்" என்பது பதில் இல்லை. ஐ.பி.யில் இந்த "வந்துடும்" இன்னும் நேர்த்தியான வேஷத்தில் வரும். "நாங்க ஐ.பி. கேண்டிடேட் ஸ்கூல்" என்பார்கள். கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! அதன் பொருள், அனுமதிக்கு விண்ணப்பித்துப் பரிசீலனையில் இருக்கிறார்கள் என்பதுதான். கேண்டிடேட் ஆன எல்லோருக்கும் அங்கீகாரம் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது என்று ஐ.பி. அமைப்பே சொல்கிறது. தேர்தலில் நிற்கிற வேட்பாளர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவாரா?

அதேபோல ஒரு பள்ளிக்கு ஐ.பி.யின் தொடக்கப் பள்ளித் திட்டத்துக்கு மட்டும் அனுமதி இருக்கலாம். தொடக்கம், நடுநிலை, டிப்ளமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. மூன்றில் எது இருக்கிறது என்று கேட்க வேண்டும். இன்னொன்று கேம்பிரிட்ஜ். "கேம்பிரிட்ஜ் புத்தகம் சொல்லித் தர்றோம்" என்றால் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் அச்சிட்ட புத்தகத்தைக் கடையில் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பதிவு பெற்ற கேம்பிரிட்ஜ் பள்ளி என்பது வேறு. ஐ.பி., கேம்பிரிட்ஜ் இரண்டின் தளங்களிலும் பள்ளிகளைப் பெயர் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை.

புதுப் பெயர்களை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சி.பி.எஸ்.இ. தானே 2010-ல் "சி.பி.எஸ்.இ. இன்டர்நேஷனல்" என்று ஒரு பாடத்திட்டத்தைத் தடபுடலாகத் தொடங்கி, 2017-ல் மூட்டை கட்டியது. அதை நம்பிச் சேர்ந்தவர்கள் பாதி வழியில் பழையபடி சாதா சி.பி.எஸ்.இ.க்குத் திரும்பினார்கள். போர்டே இப்படி என்றால், லோக்கல் டிரஸ்ட் ஒன்று "குளோபல் கரிக்குலம்" என்று தானே தயாரித்த சரக்கைப் பற்றி என்ன சொல்ல!

இப்போது நிஜமான ஐ.பி., நிஜமான கேம்பிரிட்ஜ் பள்ளிக்கே வருவோம். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல வாய் வராது. ஐ.பி. டிப்ளமா மாணவன் 4000 வார்த்தையில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், "தெரிந்துகொள்வது என்றால் என்ன" என்று யோசிக்க ஒரு தனிப் பாடமே இருக்கிறது, சமூக சேவை கட்டாயம். மனப்பாடம் செய்து கக்குகிற நம்மூர் முறைக்கு இது எவ்வளவோ மேல். பிள்ளை சிங்கப்பூரிலோ லண்டனிலோதான் டிகிரி படிக்கப்போகிறது, அதற்குப் பணமும் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல பாதை இல்லை.

ஆனால் சேர்க்கிற பத்துப் பேரில் எத்தனை வீட்டில் அது முடிவான விஷயம்? பெரும்பாலான வீட்டில் திட்டம் இதுதான்: "இப்போ இன்டர்நேஷனல்ல படிக்கட்டும், அப்புறம் டாக்டரோ இன்ஜினியரோ இங்கயே பார்த்துக்கலாம்." வலி ஆரம்பிப்பது இந்த "அப்புறம்" என்கிற இடத்தில்தான். அட்மிஷன் கவுன்ட்டரில் யாரும் வாய் திறக்காத இடமும் அதுதான்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு உயிர் பயோ-மேத்ஸ் குரூப். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு. டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் இன்ஜினியரிங், இரண்டு கதவும் திறந்திருக்கும். ஐ.பி. டிப்ளமாவில் இந்த குரூப் கிடையாது! அங்கே ஆறு பாடம், ஆறு பிரிவிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு மொழி, ஒரு சமூகவியல் வகைப் பாடம், ஒரு அறிவியல், ஒரு கணக்கு, ஒரு கலை. கலையை விட்டுவிட்டு இன்னொரு அறிவியல் எடுக்கலாம். ஆக வழக்கமான டிப்ளமாவில் இரண்டு அறிவியல்தான். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றாவது அறிவியலுக்கு ஐ.பி.யிடம் தனியாக அனுமதி வாங்கி, சமூகவியல் பாடத்தைக் கைவிட்டு, "நான்-ரெகுலர் டிப்ளமா" என்கிற வழியில் போக வேண்டும். பதினொன்றாவது சேர்ந்து ஆறு மாசம் கழித்து இதைக் கேள்விப்படுகிற அம்மாவின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

கணக்கிலும் ஒரு கண்ணி. 2019 முதல் ஐ.பி.யில் இரண்டு விதக் கணக்கு. ஒன்று கால்குலஸ், அல்ஜீப்ரா என்று போகும், இன்னொன்று புள்ளியியல், பயன்பாடு என்று போகும். இரண்டாவது சுலபம் என்று பிள்ளை எடுத்துவிட்டால், பல இன்ஜினியரிங் படிப்புகளின் வாசலில் "இந்தக் கணக்கு ஆகாது" என்ற பதில் வரும். கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பான ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் கணக்குக்கு கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு வகை. கோர் எழுதினால் எத்தனை சரியாக எழுதினாலும் 'சி' கிரேடுக்கு மேல் ஏறவே முடியாது. "பையன் ஸ்ட்ரெஸ் ஆகறான், கோர்ல போட்டுடலாம்" என்று டீச்சர் அன்பாகச் சொல்லும்போது, பெற்றோர் தலையாட்டுவது எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

அடுத்தது காலண்டர். 2023-ல் நீட் மே 7, 2024-ல் மே 5, 2025-ல் மே 4. ஐ.பி.யின் மே பரீட்சைகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது டிப்ளமா பரீட்சைக்கு நட்டநடுவில் நீட். ரிசல்ட் ஜூலை முதல் வாரம். 2025-ல் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கின் ரேங்க் பட்டியல் வந்தது ஜூன் 27-ல்! மார்க்கே வராத பிள்ளைக்கு ரேங்க் ஏது? போன வருஷங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள், எத்தனை பிள்ளைகள் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று பள்ளியைத்தான் கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியப் பள்ளிகளுக்காக மார்ச் மாதப் பரீட்சை நடத்தி மே மாதமே ரிசல்ட் கொடுக்கிறார்கள். ஜூன் பரீட்சை எழுதினால் ரிசல்ட் ஆகஸ்ட். பள்ளி எதற்கு அனுப்புகிறது என்ற ஒரே கேள்விக்கு ஒரு வருஷத்தின் விலை இருக்கிறது.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரை மார்க்கில் கல்லூரி மாறிவிடும் ஊர் இது. ஐ.பி.யில் ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் 7. இந்த 7-ஐ 100 ஆக்குவது ஒரு மாற்றல் கணக்கு. ஐ.பி.யோ கேம்பிரிட்ஜோ, சான்றிதழ் உள்ளூர் பிளஸ் டூ-வுக்குச் சமம் என்று காட்டவேண்டிய இடங்களில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு.விடம் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். கிடைக்கும், ஆனால் அலைச்சல். இதையெல்லாம் செய்து தர பள்ளியில் ஒரு ஆள் இருக்கிறாரா, இல்லை வெளிநாட்டுக் கல்லூரிக்கு மட்டும் "கவுன்சிலர்" இருக்கிறாரா?

பத்தாவதோடு வெளியே வந்துவிடுவோம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு விஷயம். ஐ.பி.யின் தொடக்கத் திட்டத்தில் வெளிப் பரீட்சை எதுவும் கிடையாது, நடுநிலைத் திட்டத்தின் மின்-தேர்வு பள்ளியின் விருப்பம். மதிப்பெண் போடுவதும் பள்ளி, பாராட்டுவதும் பள்ளி. ஆகா ஓகோ என்று ரிப்போர்ட் கார்டு வரும். வெளியாள் ஒருவர் பிள்ளையின் விடைத்தாளைத் தொடுவதற்குள் எட்டு ஒன்பது வருஷ ஃபீஸ் போயிருக்கும்.

ஃபீஸ் என்றதும் நோட்டும் பேனாவும் எடுக்க வேண்டியதுதான். ஒரு கணக்குக்காக எல்.கே.ஜி. ஃபீஸ் வருஷம் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ வரை 14 வருஷம். பெற்றோர் மனசில் போடும் கணக்கு: இரண்டரை பெருக்கல் பதினாலு, 35 லட்சம். வருஷத்துக்கு 10 சதவீதம் ஏற்றினால்? பிளஸ் டூ வருஷத்தின் ஃபீஸ் மட்டும் 8.63 லட்சம். பதினாலு வருஷ மொத்தம் ஏறக்குறைய 70 லட்சம்! மனக்கணக்கு போட்டதில் சரிபாதி மறைந்திருந்தது. இன்று 9 லட்சம் சம்பளம் வாங்கும் அப்பாவுக்கு வருஷம் 6 சதவீதம் ஏறினால் அந்தக் கடைசி வருஷம் அவர் சம்பளம் 19.2 லட்சம். எல்.கே.ஜி.யில் சம்பளத்தில் 28 சதவீதமாக இருந்த ஃபீஸ், பிளஸ் டூவில் 45 சதவீதம். இது ஒரு பிள்ளைக்கு. இரட்டைக் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். பஸ், யூனிஃபார்ம், ஐபேட், வெளிநாட்டு டூர், போர்டுக்குக் கட்டும் பரீட்சை ஃபீஸ் எதுவும் இதில் இல்லை. அதனால் இந்த வருஷ ஃபீஸ் என்ன என்று மட்டும் கேட்பது வீண். கடந்த ஐந்து வருஷம் எவ்வளவு ஏற்றினார்கள், அடுத்த வருஷங்களில் ஏற்றுவதற்கு எழுத்தில் உச்சவரம்பு உண்டா?

அப்புறம் டெபாசிட். "ரீஃபண்டபிள்தான் சார், ஒரு லட்சம்தான்." 500 பிள்ளைகளிடம் வாங்கினால் 5 கோடி. வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 35 லட்சம் வட்டி. பதினாலு வருஷம் வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, கடைசியில் அதே ஒரு லட்சத்தைத் திரும்ப வாங்கும்போது அதன் மதிப்பு என்ன? கடன் கொடுத்தவர் கை கட்டி நிற்கிறார், கடன் வாங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேறு எந்த வியாபாரத்திலும் பார்க்க முடியாத காட்சி.

வியாபாரம் என்று சொன்னால் கோபம் வரும். பள்ளி நடத்துவது டிரஸ்ட், லாப நோக்கமற்றது. 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் நியாயமான உபரி இருக்கலாம், லாப வேட்டையும் கேபிடேஷனும் கூடாது என்று சொல்லிவிட்டது. உபரியை நேராக எடுக்க முடியாவிட்டால் சுற்றி எடுக்கலாம். டிரஸ்டுக்கு இடத்தை வாடகைக்கு விடுவது குடும்பக் கம்பெனி, "நிர்வாகச் சேவை" தருவது இன்னொரு கம்பெனி, யூனிஃபார்ம் மச்சினன் கடை. பெற்றோர் இதையெல்லாம் துப்பறிய வேண்டாம். ரசீதை மட்டும் பார்த்தால் போதும். எந்தப் பெயரில் ரசீது? டியூஷன் ஃபீஸ் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா? பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒன்றரை லட்ச உச்சவரம்புக்குள் கழிவு கிடைப்பது டியூஷன் ஃபீஸுக்குத்தான், நன்கொடைக்கும் டெவலப்மென்ட் ஃபீஸுக்கும் இல்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் வாங்கும் எதுவும் கேபிடேஷன். அபராதம் அந்தத் தொகையைப்போல் பத்து மடங்கு வரை. ரசீது இல்லாமல் கவரில் கேட்கிறார்கள் என்றால் ஏன் என்று இப்போது புரியும்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. "கேம்பஸ்ல இங்கிலீஷ் மட்டும்தான்" என்பதை சர்வதேசத் தரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐ.பி. தன் பள்ளிகள் ஒவ்வொன்றும் எழுத்தில் ஒரு மொழிக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அதில் தாய்மொழிக்கு ஆதரவு இருக்க வேண்டும் என்கிறது. ஜெனிவாக்காரன் பேணச் சொல்கிற தமிழுக்குத் துடியலூரில் தடை! தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது, 2014-ல் அரசாணை போட்டு சி.பி.எஸ்.இ. போன்ற மற்ற போர்டு பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். தமிழ் வாத்தியார் யார், வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கேட்டால் அந்தப் பள்ளியின் "இன்டர்நேஷனல்" எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதியை வாத்தியார்கள் சொல்வார்கள். போன வருஷம் ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுத்தவர் இந்த வருஷமும் இருக்கிறாரா? கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். குதிரை லாயத்தைப் பற்றிச் சொல்லும்போது இருந்த உற்சாகம் குரலில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கடைசியாக, உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்து வைக்க வேண்டும். அட்மிஷன் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். விலகுவதென்றால் ஒரு டெர்முக்கு முன்னால் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் டெபாசிட் போச்சு, அடுத்த டெர்ம் ஃபீஸும் கட்ட வேண்டும் என்கிற ரகம். வேலை போன வருஷம், தொழில் படுத்த வருஷம் பார்த்து இந்த வரி உயிர் பெற்று எழுந்து வரும். பாக்கி இருக்கிறது என்று டி.சி.யைப் பிடித்து வைப்பார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. என்பது ஃபீஸ் வசூலிக்கும் கருவி இல்லை, அதில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாக்கி வேண்டுமென்றால் சட்டப்படி தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான், பிள்ளையின் சான்றிதழைப் பணயமாக வைக்க முடியாது. தீர்ப்பின் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோகிற அப்பாவிடம் ஆபீஸ் ரூமில் பேச்சு கொஞ்சம் மரியாதையாக மாறும். அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார், இங்கயே சைன் பண்ணுங்க, சீட் ரெண்டுதான் பாக்கி இருக்கு" என்பார்கள். அந்த ரெண்டு சீட் ஜூன் மாதம் வரை காலியாகவே இருக்கும்.